ஊசித்தட்டானும் பட்டாம்பூச்சியும்: தண்ணீருக்கு ஒரு சாட்சி, செடிக்கு ஒரு சாட்சி

நடவு முடிந்து இருபது, இருபத்தைந்து நாளான நெல்வயலில் காலை பத்து மணி வாக்கில் இறங்கி நின்றால் இரண்டு விதமான பூச்சிகள் கண்ணில் படும். வரப்போரப் பூக்களை நாடி, நிறம் காட்டிப் பறப்பது பட்டாம்பூச்சி. பயிருக்கு நடுவே, தண்ணீரை ஒட்டி, ஈர்க்குச்சி போன்ற உடலோடு சத்தமில்லாமல் நகர்வது ஊசித்தட்டான். முதலாவதை எல்லோரும் ரசிக்கிறார்கள். இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால், நெல்லுக்கு நேரடியாக வேலை பார்ப்பது இரண்டாவதுதான்.

மதுரைச் சமவெளியில் காணும் இந்த இரண்டுக்கும் காட்டில் உறவினர்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழல் ஓடைகளில் காட்டு ஊசித்தட்டான் வாழ்கிறது. அதே மலைக்காடுகளில் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவன் பறக்கிறது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வயலில் எந்தப் பூச்சி எதை நம்பிப் பிழைக்கிறது, மருந்தடித்தால் எது எப்படி அழிகிறது என்பது எளிதாகப் புரியும்.

காட்டு ஓடையில் இருவர்

பூச்சியியலார் 'ஃபாரஸ்ட் குளோரி' என்று அழைக்கும் காட்டு ஊசித்தட்டானின் பேரினப் பெயர் வெஸ்டாலிஸ். இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகமான மெல்லிய உடல். வெயில் பட்டால் மரகதப் பச்சையாக மின்னும். கண்ணாடி போன்ற இறக்கை. ஓர் இனத்தில் இறக்கை முழுவதும் தெளிவாக இருக்கும். இன்னோர் இனத்தில் நுனி மட்டும் கறுத்திருக்கும். மரநிழல் விழும் ஓடைக்கரைப் புதர்களில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். ஆள் நெருங்கினால் நாலடி பறந்து, மறுபடியும் நிழலிலேயே போய் அமரும். திறந்தவெளிக்கு அதிகம் வராது.

தமிழ் மறவன் ஆரஞ்சு நிறத்தில், இறக்கை ஓரத்தில் கறுப்புக் கரை கட்டியது போலிருக்கும். இறக்கைகளை விரித்தால் 6 முதல் 7.5 சென்டிமீட்டர். வேகமாகப் பறக்கும், கூட்டமாகவும் சேரும். 2019-ம் ஆண்டு தமிழக அரசு இதை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. மறவன் என்றால் வீரன். இதன் புழு தின்னும் மரங்களில் முக்கியமானது நீரடிமுத்து. அந்த மரம் மலைக்காட்டு மரம் என்பதால், தமிழ் மறவனும் மலையை விட்டு அதிகம் இறங்குவதில்லை.

இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதும் உண்டு. ஓடைக்கரை ஈரமணலில் உள்ள உப்புச்சத்தை உறிஞ்சப் பல இனங்களின் ஆண் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வந்து அமரும். அதே கரையின் செடிகளில் ஊசித்தட்டான்கள் இரைக்குக் காத்திருக்கும். ஒரே கரையில் இருந்தாலும் இரண்டின் பிறப்பும் வளர்ப்பும் முற்றிலும் வேறு.

பிறப்பே வேறு

பட்டாம்பூச்சியின் வாழ்க்கை நான்கு கட்டம்: முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி. தாய்ப்பூச்சி கண்ட செடியிலும் முட்டை வைப்பதில்லை. எந்தச் செடியைத் தன் புழு தின்னுமோ அந்தச் செடியைத் தேடி, இலையைக் காலால் தொட்டுச் சோதித்த பிறகே வைக்கும். எருக்கில் வளரும் புழுவுக்கு ஆவாரை இலை உணவாகாது. ஆவாரையில் வளரும் புழுவுக்கு எருக்கு உதவாது.

ஊசித்தட்டானுக்கு மூன்றே கட்டம்: முட்டை, நீரில் வாழும் இளம்பூச்சி, தட்டான். கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. தாய்ப்பூச்சி நீருக்குள் இருக்கும் அல்லது நீரை ஒட்டிய செடித்தண்டைக் கீறி, அதற்குள் முட்டையைச் செருகும். வெளிவரும் இளம்பூச்சி தண்ணீருக்கு அடியில் வளரும். அதன் வால் நுனியில் இலை போல மூன்று தகடுகள் இருக்கும். அவை மூச்சுவிட உதவும் செவுள்கள். வளர்ந்ததும் ஒரு தண்டைப் பிடித்து நீருக்கு மேலே ஏறி, முதுகுத்தோல் வெடித்து, தட்டானாக வெளியே வரும். பழைய தோல் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நெல் தண்டில் இப்படிச் சக்கை போல ஒட்டிய தோலைக் கண்டால், அந்த வயல் தண்ணீரில் தட்டான் பிறந்து வளர்ந்திருக்கிறது என்று பொருள்.

சமவெளி ஊசித்தட்டான்கள் தண்ணீரில் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை இருக்கும். அதற்குள் தண்ணீர் முற்றிலும் வற்றினால் அந்தத் தலைமுறை போய்விடும். பட்டாம்பூச்சிக்குத் தண்ணீர் வற்றுவதால் அவ்வளவு பாதிப்பு இல்லை. வேலியைச் சுத்தமாக வெட்டி எரித்தால்தான் அதன் தலைமுறை போகும்.

வாய் சொல்லும் கதை

பட்டாம்பூச்சிக்குப் புழுவாக இருக்கும்போது இலை கடிக்கும் வாய், வளர்ந்த பின் தேன் உறிஞ்சும் சுருள்குழல். ஒரே உயிர் இளமையில் இலை தின்னும், பிறகு பூவுக்குப் பூ போய் மகரந்தம் கடத்தும். இந்த வேலையில் தேனீ அளவுக்கு அது திறமை வாய்ந்தது அல்ல. என்றாலும் வேலியோரச் செடிகள் விதை பிடிக்க அதன் பங்கும் உண்டு.

ஊசித்தட்டான் முட்டையிலிருந்து வந்த நாள் முதல் வேட்டைக்காரன். தண்ணீரில் இருக்கும்போது அதன் கீழ் உதடு மடக்கி வைத்த கை போல நீளும். கொசுப்புழு அருகே வந்தால் ஒரு நொடியில் உதட்டை நீட்டிப் பிடித்துவிடும். இறக்கை முளைத்த பிறகு தூருக்குத் தூர் நுழைந்து தத்துப்பூச்சி, புகையான், சிறிய அந்துப்பூச்சி போன்றவற்றைப் பிடித்துத் தின்னும். பெரிய தட்டான்கள் பயிருக்கு மேலே பறந்து வேட்டையாடும். ஊசித்தட்டான் பயிருக்கு உள்ளே நுழையும். புகையான் இருப்பது தண்டின் அடியில் என்பதால், உள்ளே நுழையும் வேட்டைக்காரனின் மதிப்பு அதிகம்.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1987-ல் நெல் விவசாயியின் நண்பர்களைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. சிலந்தி, பொறிவண்டு, நாவாய்ப்பூச்சி வகைகளோடு ஊசித்தட்டானும் அந்த நண்பர்கள் பட்டியலில் இருக்கிறது.

ஒரு பார்வையில்

உட்காரும் விதம்: பட்டாம்பூச்சி பெரும்பாலும் இறக்கையை முதுகுக்கு மேல் நிமிர்த்தி மூடும். ஊசித்தட்டான் உடலோடு சேர்த்து மடக்கும். பெரிய தட்டான் விரித்தே வைத்திருக்கும்.

இறக்கை: பட்டாம்பூச்சிக்குப் பொடி போன்ற செதில், தொட்டால் விரலில் ஒட்டும். ஊசித்தட்டானுக்குச் செதில் இல்லை. வலை போன்ற நரம்புகள் மட்டும்.

கண்: ஊசித்தட்டானின் இரு கண்களும் தலையின் இரண்டு ஓரத்தில் விலகி நிற்கும். பல பெரிய தட்டான்களுக்குக் கண்கள் நடுவில் ஒட்டியிருக்கும்.

இளம்பருவ வீடு: பட்டாம்பூச்சிக்குக் குறிப்பிட்ட செடி. ஊசித்தட்டானுக்குத் தண்ணீர்.

உணவு: பட்டாம்பூச்சிக்கு இலையும் தேனும். ஊசித்தட்டானுக்கு முதலும் முடிவும் பூச்சிதான்.

ஒரே தெளிப்பு, இரண்டு வித அழிவு

மருந்து அடிக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. வரப்பில் அடித்த மருந்து காற்றில் வேலிக்குப் போனால் பட்டாம்பூச்சிப் புழு சாகும். 'பி.டி.' எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர் மருந்தில் காய்ப்புழு, இலைப்புழுவுக்கென விற்கப்படும் வகை, புழு இனங்களை மட்டும் குறிவைப்பது. தட்டானுக்கு அதனால் பெரிய கேடு இல்லை. ஆனால், வேலிச்செடியில் இருக்கும் பட்டாம்பூச்சிப் புழுவுக்கும் காய்ப்புழுவுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே இயற்கை மருந்துதானே என்று வேலி மேலும் அடிப்பது தவறு.

தண்ணீரில் கலக்கும் ரசாயன மருந்து ஊசித்தட்டானின் குடும்பத்தையே அழிக்கும். ஜப்பானில் நடந்ததை இதற்குச் சொல்லலாம். அங்கே இலையுதிர் காலத்தில் நெல்வயல் மேல் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் ஒரு சிவப்புத் தட்டான் உண்டு. அதன் பெயர் அக்கியக்கானே. 1990-களின் பிற்பகுதியிலிருந்து பல மாவட்டங்களில் அது வெகுவாகக் குறைந்துபோனது. நாற்றுத் தட்டுகளில் இடப்பட்ட ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் நடவோடு வயல் தண்ணீருக்கு வந்து, இளம்பூச்சிகளைக் கொன்றது முக்கியக் காரணம் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த மருந்துகள் தட்டானுக்காக இடப்பட்டவை அல்ல.

நண்பர்களைக் கொன்றால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியா பாடம். அங்கே 1970, 80-களில் மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. சிலந்தியும் மற்ற வேட்டைப் பூச்சிகளும் செத்துப்போக, தண்டுக்குள் முட்டையிடும் புகையான் மட்டும் மறுபடியும் பொரித்து வந்தது. கடைசியில் 1986-ல் அந்நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தது.

மலையில் இருப்பவை இறங்கி வருமா?

காட்டு ஊசித்தட்டானுக்கு நிழல், ஓடும் நீர், சுத்தம் மூன்றும் வேண்டும். கண்மாயில் அது வாழாது. தமிழ் மறவனுக்கு அதன் மலைக்காட்டு மரங்கள் வேண்டும். இவற்றைச் சமவெளிக்குக் கொண்டுவந்து வளர்க்க முடியாது, தேவையும் இல்லை. சமவெளிக்கென்றே வேறு இனங்கள் இருக்கின்றன.

கண்மாய் ஓரத்திலும் நெல்வயலிலும் அடிக்கடி தெரியும் மஞ்சள் வால் ஊசித்தட்டானின் அறிவியல் பெயர் செரியாகிரியான் கோரமண்டலியானம். சோழமண்டலக் கரையின் பெயரையே அது சுமக்கிறது. நெல்லின் அடியில் புகுந்து திரியும் மிகச்சிறிய ஊசித்தட்டான்கள் அக்ரியோக்னெமிஸ் என்ற பேரினம். ஒரு நெல்மணி கனம்கூட இல்லாத அந்தப் பூச்சிதான் தத்துப்பூச்சிகளைப் பிடிக்கிறது.

பட்டாம்பூச்சியில் காட்டுக்கும் வயலுக்கும் இடையே போய்வரும் இனங்கள் உண்டு. கறுப்பில் நீலப் புள்ளியும் கோடும் கொண்ட நீல வரியன், பழுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவை தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே வருகின்றன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில் மேற்கே திரும்புகின்றன. இடைப்பட்ட சமவெளியில் அவை இறங்கித் தேன் குடிக்க வேலியும் தரிசும் வேண்டும்.

ஊசித்தட்டான் மலையிலிருந்து வராவிட்டாலும், அதன் தண்ணீர் வருகிறது. வைகை வருசநாட்டு மலையில் பிறக்கிறது. பெரியாற்றுத் தண்ணீரும் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகையில் சேர்ந்து மேலூர் வரை பாய்கிறது. சாத்தையாறு சிறுமலையிலிருந்து இறங்குகிறது. மலையோடையில் காட்டு ஊசித்தட்டான் குறைந்தால், கரை மரம் போயிருக்கிறது அல்லது நீர் ஓட்டம் நின்றிருக்கிறது அல்லது அழுக்கு கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். மூன்றில் எதுவானாலும் அதன் கணக்கு ஒருநாள் மதுரைக் கண்மாய்களுக்கு வந்து சேரும்.

மலையும் கண்மாயும் ஒரே குடும்பம் என்பதற்கு அரிட்டாபட்டி சாட்சி. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களைச் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றுகளில் ஊறும் சுனைகளும் அவற்றின் கீழுள்ள நீர்நிலைகளுமே அந்த அறிவிப்புக்கு அடிப்படைகளில் ஒன்று. 2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிவானபோது, சுற்றுப்பட்டுக் கிராமத்து விவசாயிகள் மதுரை வரை பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. சுனை இருந்தால்தான் கண்மாய் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விவசாயிகள் செய்யக்கூடியவை

எண்ணிப் பார்த்து அடிக்கவும். வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, குத்துகளை விலக்கித் தூரின் அடியைப் பார்க்க வேண்டும். புகையான் தூருக்கு ஒன்று என்ற அளவை எட்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். பக்கத்து வயல்காரர் அடித்தார் என்பதற்காக அடிக்கத் தேவையில்லை.

ஒரு மூலையில் தண்ணீர் நிற்கட்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் வயலில், மடைக்கு அருகே முழ ஆழத்தில் ஒரு சிறு பள்ளம் விடலாம். வயல் காயும் நாட்களில் இளம்பூச்சிகள் அங்கே ஒதுங்கும்.

பண்ணைக்குட்டையில் செடி வேண்டும். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையில் ஊசித்தட்டான் முட்டை செருகத் தண்டு இருக்காது. ஒரு ஓரத்தில் மண் தொட்டி வைத்துக் கோரை அல்லது அல்லி வளர்த்தால் போதும்.

தெளிப்பானை வாய்க்காலில் கழுவக் கூடாது. மருந்து கலக்குவதும் டப்பா அலசுவதும் நீரோட்டத்துக்கு விலகி இருக்கட்டும்.

வேலியை ஒரே நாளில் வெட்ட வேண்டாம். இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு மறுபக்கம் என வெட்டினால் புழுக்களுக்கு இடம் மிஞ்சும். எருக்கு, ஆவாரை, கொடிப்பாலை ஆகியவை வேலியில் இருந்தால் மூன்று வேறு பட்டாம்பூச்சி இனங்களுக்கு அது வீடு.

சணப்பையில் சில செடிகளை விட்டுவைக்கவும். பூ வரும் நேரத்தில் மடக்கி உழும்போது ஓரமாகப் பத்துச் செடிகளை விட்டால், வரியன், கருப்பன் வகைகள் அவற்றை நாடி வரும். ஆண் பூச்சிகள் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு இனச் செடிகளிலிருந்து ஒரு வேதிப்பொருளை எடுத்து, இணையைக் கவரும் மணமாக மாற்றிக்கொள்கின்றன. சணப்பையும் கிலுகிலுப்பைக் குடும்பம்தான்.

ஓடைக்கரை மரத்தை வெட்ட வேண்டாம். மலையடிவாரத்தில் நிலம் உள்ளவர்கள் நாவல், மருது, புங்கன் போன்ற கரைமரங்களைக் காத்தாலே நீர் நிழலில் குளிர்ந்து ஓடும்.

கேள்வி - பதில்

கேள்வி: கறிவேப்பிலையிலும் எலுமிச்சைக் கன்றிலும் பறவை எச்சம் போல ஒரு புழு இருக்கிறது. பட்டாம்பூச்சியாகும் என்கிறார்கள். விடலாமா, கொல்லலாமா?

பதில்: அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சி அல்லது அதன் உறவினரின் புழு. வளர்ந்ததும் பச்சையாக மாறும். வளர்ந்த மரத்தில் நாலைந்து புழு இருந்தால் நட்டம் இல்லை. இளங்கன்றில் இருந்தால் கொழுந்தை மொட்டையாக்கிவிடும். கன்றிலிருந்து கையால் எடுத்து, வீட்டுக் கொல்லையில் உள்ள பெரிய கறிவேப்பிலை மரத்தில் விடலாம். தோட்டமாகப் பயிரிட்டிருந்து தாக்குதல் மிகுந்தால் மட்டும் பி.டி. மருந்தை உறையில் உள்ள அளவில், மாலை நேரத்தில் அடிக்கலாம்.

கேள்வி: பட்டாம்பூச்சி எல்லாமே பயிருக்கு எதிரியா?

பதில்: இல்லை. குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு போன்ற நெல்லின் பெரிய எதிரிகள் எல்லாம் அந்துப்பூச்சிகள். தமிழ்நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் உண்டு. எலுமிச்சை, மாதுளை, பயறு போன்ற பயிர்களில் புழுவாகச் சேதம் செய்பவை அவற்றில் மிகச் சிலவே.

கேள்வி: ஊசித்தட்டான் நெல்தண்டைக் கீறி முட்டை வைத்தால் பயிர் கெடாதா?

பதில்: கீறல் மிகச் சிறியது, அதனால் விளைச்சல் குறையாது. வெளிவரும் இளம்பூச்சியும் தண்டைத் தின்னாது. தண்ணீரில் இறங்கிப் பூச்சியைத்தான் தின்னும். தண்டைக் குடையும் குருத்துப்புழு வேறு. அதன் முட்டை இலைமேல் குவியலாக இருக்கும்.

கேள்வி: தட்டான் வந்தால் கொசு குறையுமா? வீட்டுத் தொட்டியில் விடலாமா?

பதில்: கண்மாய், குட்டை, வயல் தண்ணீரில் குறையும். மியான்மரின் யாங்கூன் நகரில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் தட்டான் இளம்பூச்சிகளை விட்டு டெங்கு கொசுவைக் கட்டுப்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஆனால், நம் வீட்டுக் குடம், டிரம், பழைய டயர் தண்ணீரில் தட்டானை நம்ப வேண்டாம். அவற்றை மூடி வைப்பதும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவதும்தான் வழி.

கேள்வி: பிள்ளைகள் தட்டானைப் பிடித்து நூல் கட்டி விளையாடுகிறார்கள். கொட்டுமா?

பதில்: கொட்டாது. தட்டானுக்குக் கொடுக்கே கிடையாது. பெரிய தட்டான் இறுக்கிப் பிடித்தால் லேசாகக் கடிக்கும், விஷம் இல்லை. ஆனால், இறக்கை முளைத்த பிறகு அது உயிரோடு இருப்பது சில வாரங்கள்தான். அந்த நாட்களில்தான் வேட்டையாடி, இணை சேர்ந்து, முட்டை வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வயலில் தட்டான் தோலைத் தேடிக் காட்டலாம். தண்ணீருக்குள் இருந்த பூச்சி ஏறி வந்து இறக்கை விரித்த கதை, நூல் கட்டுவதைவிட அவர்களுக்குப் பிடிக்கும்.